எருதுக்கு ஏற்ற மூக்கணாங்கயிறு

கடிவாளத்தினால் குதிரையையும் மூக்கணாங்கயிற்றினால் எருதையும் மனிதன் நடத்துகின்றான். யாழ்ப்பாணப் பகுதியில் இக்கயிற்றை நாணயக்கயிறு என்பர். உழவு இயந்திரங்கள் பெருகிய இக்காலத்திலும் சிறு தோட்டங்களிலும் வண்டில்களிலும் எருதின் உதவி முற்றாக நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அதன் அருமையைக் கமக்காரர் மீண்டும் உணர்ந்தனர். ஆனால், மூக்கு அறுந்த எருதை ஏரிலோ வண்டிலிலோ பூட்டி நடத்துதல் அரிது. அதன் விலையும் குறையும். ஆகவே, கயிற்றைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும்.

கடிவாளம் உணர்த்தும் உண்மை

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கே நாவின் மீதும் ஈறின் மீதும் படிகின்றது. இரும்பு மெல்லியதாயின் இழுக்கும் விசை சிறிய இடத்திற் குவிந்து புண்ணாக்கும். சற்றுப் பருமனாயின் விசை பரந்து நோவு குறையும். வாய்க்கு மிஞ்சிய பருமனும் தொல்லையே. மூக்கணாங்கயிற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

மூக்குக் குத்துதல்

கன்றுக்கு ஒரு வயது கடந்தபின், வேலைக்குப் பழக்கத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாக மூக்குக் குத்துதல் நன்று. நாசித் துவாரங்களுக்கு இடையே பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துப் பார்த்தால், கடினமான குருத்தெலும்புக்கு முன்னே மெல்லிய இடம் ஒன்று தென்படும். துளை அங்கேயே அமையவேண்டும். குருத்தெலும்பிற் குத்தினால் நோவு மிகும். விளிம்பருகே குத்தினால் எளிதில் அறுந்துவிடும். இவ்வேலையைக் கால்நடை வைத்தியரைக் கொண்டு செய்வித்தலே பாதுகாப்பானது. புண் ஆறும்வரை கயிற்றைப் பிடித்து இழுத்தல் ஆகாது.

கயிற்றைத் தெரிவு செய்தல்

1. முறுக்கிய பருத்திக் கயிறு மென்மையானது. தும்புக்கயிறு உராய்ந்து புண்ணாக்கும். மெல்லிய நைலோன் கயிறு சதையை அறுக்கும். கம்பியை ஒருபோதும் இடலாகாது.
2. கயிறு பென்சிலின் பருமனுக்குக் குறையாமலும், சுண்டுவிரலின் பருமனுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும்.
3. துளைக்குள்ளும் நாசி ஓரத்திலும் முடிச்சு வராதவாறு, கொம்புகளுக்குப் பின்னால் முடிச்சிடுக.
4. கன்னத்துக்கும் கயிற்றுக்கும் இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழையவேண்டும். இறுகினால் எருது குனிந்து மேய இயலாது; மிகத் தளர்ந்தால் வேலியிலும் கொம்பிலும் சிக்கிக்கொள்ளும்.
5. சளியும் அழுக்கும் ஏறி விறைத்த கயிற்றைத் தாமதமின்றி மாற்றுக.

செய்யத்தகாதவை

இரவில் எருதை மூக்கணாங்கயிற்றிற் கட்டலாகாது. அது வெருண்டு இழுத்தால் மூக்கு அறுந்துபோகும். கட்டுவதற்குக் கழுத்துக்கயிறு வேறாக இருக்கவேண்டும்.

எருது சொற்கேளாதபோது மெல்லிய கயிற்றை மாற்றிப் பூட்டுவோர் உளர். இது தவறு. முதலில் துளையிற் புண் உண்டோ, நுகம் கழுத்தை உராய்கின்றதோ, சுமை அதிகமோ எனப் பார்க்கவேண்டும். நோவினால் முரண்டும் எருதுக்கு மேலும் நோவு கொடுத்தால் அதன் முரண்டு வளருமேயன்றித் தணியாது. கயிறு குறிப்புணர்த்துவதற்கே உரியது. சற்றே இழுத்து, எருது திரும்பியவுடன் தளர்த்தினால், அது விரைவிற் பழகும்.

புண் கண்டால்

ஈ மொய்க்கும் புண்ணிற் புழு உண்டாகும். ஆதலால், வேலையை நிறுத்தி, புண்ணைச் சுத்தமான உப்பு நீராற் கழுவி, அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக. புண்ணினால் வேலைக்குத் தகாத விலங்கைப் பூட்டி வேலை வாங்குதல், 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

மென்மையான கயிறும் நிதானமான கையும் உடைய கமக்காரரின் எருது பல போகங்களுக்கு உழைக்கும். இன்றே உங்கள் எருதின் கயிற்றைச் சோதித்துப் பாருங்கள்.