குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரமா?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, அதை 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் பயண நேரம் தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியானால் தூரம் கூடும்போது நேரமும் கூடியாக வேண்டும். தில்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. மேற்கு நோக்கி அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் கிழக்கு நோக்கிச் செல்லும் பசிபிக் வழிக்கு மாறியது. புதிய பாதை சுமார் 15,300 கி.மீ. நீளம். ஆனாலும் விமானம் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைவாகவே எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்தது.

காரணம் காற்று. 900 என்பது விமானத்தைச் சூழ்ந்த காற்றில் அதன் வேகம். தரையைக் கடக்கும் வேகம் வேறு. ஓடும் ஆற்றில் செல்லும் படகைப் போல, காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் 1,055 வருகிறது. எஞ்சினின் வேகத்துக்கு மேல் கிடைத்த அந்த மிச்சம் காற்று கொடுத்தது. 2020 பிப்ரவரியில் புயற்காற்று பின்னிருந்து தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்ததும் இதனால்தான்.

நீண்ட பாதையில் எரிபொருள் அதிகம் செலவாகாதா என்று கேட்கலாம். எரிபொருள் செலவு வானில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. கீழே கடந்த நிலத்தின் நீளத்தைப் பொறுத்தது அல்ல. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வந்துசேருமே என்ற வாதமும் உண்டு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்வதால் அந்தச் சலுகை யாருக்கும் இல்லை. லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க் செல்வதுதான் திரும்பி வருவதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக எடுக்கிறது. சுழற்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன்: ஜெட் காற்று கிழக்கு நோக்கித் திரும்புவதே பூமி சுழல்வதால்தான்.

தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு அளப்பது இன்னொரு தவறு. உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை. தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அது சுமார் 12,400 கி.மீ.; சைபீரியாவையும் ஆர்க்டிக் கடலையும் தாண்டிப் போகிறது. தூரம் காட்டும் செயலிகள் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் தருகின்றன, ஆனால் விமானம் அந்தக் கோட்டில் பறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயர்ந்த மலைகள் தடுக்கும், அரசியலும் தடுக்கும். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

ஆகவே இணைப்பு விமானத்துக்குச் சீட்டு எடுக்கும்போது, வரைபடத் தூரத்தை நம்பி நேரத்தைக் கணிக்காதீர்கள். போகும் திசைக்கும் பயணம் செய்யும் மாதத்துக்கும் விமான நிறுவனம் அறிவித்துள்ள நேரத்தைப் பாருங்கள். திரும்பும் பயணத்துக்குத் தனியாகப் பாருங்கள்.