நிரல்பெயர்ப்பியுள் சரமாறிலிகளின் வைப்புமுறை

மாந்தர் எழுதும் நிரல்மொழி ஒன்று; கணிப்பொறி உணரும் இயந்திரமொழி மற்றொன்று. முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் கருவி நிரல்பெயர்ப்பி எனப்படும். கம்பைலர் என வழங்குவதும் இதுவே. நிரலில் வரும் கட்டளைச் சொற்கள் இயந்திரக் கட்டளைகளாக உருமாறித் தம் வடிவு ஒழியும். மாறிகளுக்கு நாம் இட்ட பெயர்களும் பெரும்பாலும் முகவரிகளாகி மறையும். ஆயின், மேற்கோட் குறிகளுக்குள் அடைத்து எழுதப்படும் தொடர் மட்டும் பெயர்க்கப்படுவதன்று. "வணக்கம்" என அச்சிடுமாறு பணித்தால், அச்சொல் நிரல் இயங்கும் காலம்வரை அவ்வாறே காக்கப்படல் வேண்டும். இத்தகைய தொடரைச் சரமாறிலி என்பர். அதனைப் பெயர்ப்பி எங்கே வைக்கின்றது, எவ்வாறு காக்கின்றது, இம்முறையை அறியாதார்க்கு விளையும் இடர் யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1. சரத்தின் எல்லை

ஒரு தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் கருவி உணர்வது எங்ஙனம்? 1957-ஆம் ஆண்டில் ஜான் பேக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்காக ஃபோர்ட்ரான் மொழிப் பெயர்ப்பியை வெளியிட்டனர். அம்மொழியில், தொடரின் எழுத்துத்தொகையை முதலில் எழுதி, அதன்பின் எச் என்னும் ஆங்கில எழுத்தை இட்டு, அதன்பின்னரே தொடரை எழுதுதல் மரபாயிற்று. 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கிற்குத் துளையட்டைப் பொறி அமைத்த ஹெர்மன் ஹாலரித்தின் பெயரால் இம்முறை வழங்கிற்று. எண்ணும் பொறுப்பு எழுதுவோனுடையது. எண்ணிக்கை ஒன்று பிழைப்பின், தொடரின் கடையெழுத்து வெளியே நின்றுவிடும். அன்றேல் அடுத்து வரும் குறி உள்ளே புகுந்துவிடும். பின்வந்த மொழிகள் மேற்கோட் குறியை மேற்கொண்டு, எண்ணும் வேலையைப் பெயர்ப்பியிடமே ஒப்படைத்தன.

நினைவகத்தில் வைக்கும்போதும் இவ்வினா மீண்டும் எழும். இதற்கு இருவகை விடை உண்டு. சரத்தின் நீளத்தை உடன் குறித்து வைத்தல் ஒன்று; சரத்தின் இறுதியில் சுழியம் ஆகிய ஒரு பைட்டை இட்டு முடித்தல் மற்றொன்று. டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய சி மொழி இரண்டாவதைக் கைக்கொண்டது.

2. சரத்தின் அளவு

தமிழ் மாணவர் இங்கே ஒன்று நோக்கல் வேண்டும். "வணக்கம்" என்பதில் நம் இலக்கணப்படி எழுத்து 5. யூனிகோடு முறையில் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் அகரமேறிய எழுத்தும் புள்ளியுமாக இரண்டு குறியீடு பெறுதலின், குறியீடுகள் 7. யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளுமாதலின், பைட்டுகள் 21. இறுதிச் சுழியத்தையும் கூட்டின் 22. பெயர்ப்பி கணக்கிடுவது இக்கடைசி எண்ணையே. எழுத்து ஐந்தே எனக் கருதி ஐந்து பைட் இடம் ஒதுக்குவோன், தன் இடத்தைக் கடந்து பிறர் இடத்தில் எழுதினவன் ஆவான்.

3. களஞ்சியத்திற் சேர்த்தல்

பெயர்ப்பியின் முதற் பகுதி நிரலை எழுத்தெழுத்தாகப் படித்துச் செல்லும். மேற்கோட் குறி தொடங்கக் கண்டால், முடிவுக் குறி வரும்வரை உள்ளவற்றைத் திரட்டும். இடையே பின்சாய்கோடு வரின், அதனை அடுத்த எழுத்தோடு சேர்த்து ஒரே பொருளாகக் கொள்ளும். சான்றாக, அடுத்த வரிக்குச் செல்க என்பதைக் குறிக்கும் இரண்டு குறிகள் சேர்ந்து 10 என்னும் மதிப்புடைய ஒரு பைட்டாக மாறும். இவ்வாறு தூய்மை செய்த பின்னரே தொடரின் நீளம் உறுதிப்படும்.

பெரிய நிரலில் ஒரே தொடர் பலவிடத்து வருதல் இயல்பு. வருந்தோறும் புதிதாக வைப்பின் இடம் வீணாம். ஆதலின் பெயர்ப்பி ஓர் அட்டவணை வகுத்து, வேறுபட்ட சரம் ஒவ்வொன்றையும் ஒரே முறை பதிகின்றது. அகராதியில் ஒரு சொல்லுக்கு ஓரிடமே உண்மை போல்வது இது. மறுமுறை அத்தொடர் வரின் பழைய பதிவின் எண்ணே தரப்படும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரு தொடர் முன்னரே பதியப்பட்டதா என்பதை அறிய அனைத்தையும் ஒப்பிட வேண்டாவோ? 1000 வேறுபட்ட தொடர்களை அவ்வாறு ஒன்றோடொன்று ஒப்பிடின் 4,99,500 ஒப்பீடுகள் வேண்டப்படும். இதனை ஒழிக்கவே ஹாஷ் என்னும் உபாயம் பயன்படுகின்றது. தொடரின் பைட்டுகளைக் கொண்டு ஒரு கணக்குச் செய்து எண் ஒன்று பெறுவர். அவ்வெண் சுட்டும் அறையில் மட்டும் தேடுவர். 1024 அறைகளில் 1000 தொடர்கள் ஒழுங்காகப் பரந்திருப்பின், ஒரு தொடருக்குச் சராசரியாக ஓர் ஒப்பீட்டிற்கு மேல் வேண்டுவதில்லை. ஆயினும், வேறுபட்ட இரு தொடர்கள் ஒரே எண்ணைப் பெறுதல் கூடும். ஆகவே எண் ஒத்த அளவில் தொடரும் ஒத்ததெனத் துணிதல் ஆகாது. நீளத்தையும் ஒவ்வொரு பைட்டையும் ஒப்பிட்ட பின்னரே துணிதல் வேண்டும்.

மற்றுமொரு நுட்பம் உண்டு. சரங்களை அடுத்தடுத்து ஒரே பெருங்களஞ்சியத்தில் இடுவதாகக் கொள்வோம். களஞ்சியம் நிரம்பின், பெரிய இடம் ஒன்று பெற்று உள்ளவற்றை அங்கே பெயர்த்து வைத்தல் நேரும். அப்பொழுது பழைய முகவரிகள் அனைத்தும் பொய்யாம். ஆதலின் முகவரியைக் குறித்து வையாது, களஞ்சியத்தின் தொடக்கத்தினின்றும் எத்தனையாவது பைட் என்னும் தொலைவையே குறித்து வைத்தல் நன்று. களஞ்சியம் எங்குச் செல்லினும் அத்தொலைவு மாறாது.

4. பகிர்ந்து வைத்தல்

பெயர்ப்பு முடிந்தபின், சரங்கள் இயங்குநிரலின் ஒரு தனிப் பகுதியில் எழுதப்படும். லினக்ஸ் முதலிய அமைப்புகளில் இப்பகுதிக்கு ரோடேட்டா என்று பெயர். படித்தற்கு மட்டும் உரிய தரவு என்பது பொருள். தனித்தனியே பெயர்க்கப்பட்ட பல கோப்புகளை ஒன்றாக்கும் இணைப்பி, அக்கோப்புகளிலுள்ள ஒத்த சரங்களையும் ஒன்றாக்க வல்லது.

அதனினும் வியத்தகுவது ஈற்றுப் பகிர்வு. "படைக்கலம்" என்றொரு சரமும் "கலம்" என்றொரு சரமும் உளவாயின், பின்னதைத் தனியே வைக்க வேண்டுவதில்லை. முன்னதன் தொடக்கத்தினின்றும் 15 பைட் கடந்து நிற்பின், "கலம்" என்பது இறுதிச் சுழியத்தோடு அங்கேயே உள்ளது. இதனால் 13 பைட் மிச்சமாகும். ஆனால் "படை" என்பதை இவ்வாறு பகிர்தல் இயலாது. அதன்பின் சுழியம் இன்மையின். நீளத்தை உடன்வைக்கும் முறையிலோ, முதல் இடை கடை மூன்றையும் பகிர்தல் கூடும்.

5. மாற்றுவதால் வரும் கேடு

பலர் பகிர்ந்து கொள்ளும் பொருளை ஒருவர் மாற்றின் அனைவர்க்கும் மாறும். பழைய ஃபோர்ட்ரான் பெயர்ப்பிகள் சிலவற்றில், ஒரு மாறிலியைத் துணைநிரலுக்கு அனுப்ப, அத்துணைநிரல் அதில் வேறு மதிப்பை எழுதிவிடின், நிரல் முழுவதிலும் அம்மாறிலியின் மதிப்பே திரிந்துபோகும் நிலை இருந்தது. பிழையை எவ்வளவு தேடினும் எழுதிய வரிகளிற் காண்டல் அரிது. சி மொழியிலும் தொடக்கத்தில் சரமாறிலிகளை மாற்றி எழுத இடமிருந்தது. 1989-இல் அமைந்த அமெரிக்கத் தரநூல், அவ்வாறு மாற்ற முயலின் விளைவு வரையறுக்கப்படாதது எனக் கூறிற்று. ஒத்த இரு சரங்கள் ஓரிடத்தனவா வேறிடத்தனவா என்பதையும் பெயர்ப்பியின் விருப்பிற்கு விட்டது. ஜி.சி.சி. என்னும் பெயர்ப்பி பழைய நிரல்களுக்காக வைத்திருந்த சலுகையும் 2005-இல் வந்த 4.0 பதிப்பில் நீக்கப்பட்டது.

எனவே சி மொழி பயில்வோர் இரண்டு அறிவிப்புகளை வேறுபடுத்தி உணர்க. சுட்டு ஒன்றைச் சரமாறிலிக்கு நேராக நிறுத்துதல் ஒன்று. அணி ஒன்றை அறிவித்து அதனுள் சரத்தைப் படியெடுத்தல் மற்றொன்று. தோற்றத்தில் இவை ஒத்தனவே. ஆயின் அணியிலுள்ள படியைத் திருத்தலாம். சுட்டுவழிச் சென்று மூலத்தைத் திருத்தப் புகின் பெரும்பாலான அமைப்புகளில் நிரல் அங்கேயே வீழும்.

1995-இல் அறிமுகமான ஜாவா மொழி, சரத்தை மாற்றுதல் எவ்வாற்றானும் இயலாதவாறு விதித்துவிட்டது. ஒத்த சரமாறிலிகள் ஒரே பொருளைச் சுட்டும் என்பதும் அம்மொழியின் விதி. இதனால் ஒரு மயக்கம் பிறக்கும். இரட்டைச் சமக்குறி இட்டு இரு சரமாறிலிகளை ஒப்பிடின் விடை சரியாகவே வரும்; அதனைக் கண்டு, எல்லாச் சரங்களையும் அவ்வாறே ஒப்பிடலாம் எனப் பயில்வோர் எண்ணுவர். விசைப்பலகையிலிருந்து வந்த சரமோ களஞ்சியத்திற் சேர்ந்ததன்று. எழுத்து ஒத்திருந்தும் இடம் வேறாதலின், ஒவ்வாது என்னும் விடையே வரும். சமக்குறி அங்கே ஆராய்வது இடத்தை; ஈக்குவல்ஸ் என்னும் செயல் ஆராய்வதே எழுத்தை.

6. மறைபொருள் வையாமை

இறுதியாக, அனைவரும் உளங்கொள்ளத் தக்கது ஒன்று. பெயர்ப்பி சரமாறிலியைக் காக்குமேயன்றி மறைக்காது. ஸ்ட்ரிங்ஸ் என்னும் சிறு கட்டளை, எந்த இயங்குநிரலையும் துழாவி, அதனுள் 4 எழுத்துக்குக் குறையாது வரும் ஆங்கிலத் தொடர்களை நிரல்பட எடுத்துக் காட்டும். நிரல் இயந்திரமொழியாகிவிட்டது, இனி எவர்க்கும் விளங்காது என்று எண்ணிக் கடவுச்சொல்லை மேற்கோட் குறிகளுக்குள் எழுதி வைப்போர், வாயிற்கதவின்மீதே திறவுகோலைத் தொங்கவிட்டவர் ஆவர். கட்டளைகள் உருமாறும், சரங்கள் உருமாறா. ஆதலின் பிறர் கையிற் கொடுக்கப்படும் நிரலில், பிறர் படிக்கத் தகாத தொடரை எழுதாதிருத்தலே பாதுகாப்பு. சரத்தின் அளவைப் பைட்டால் அளத்தல், பகிர்ந்ததை மாற்றாமை, எழுத்தொப்புமையை இடவொப்புமையோடு மயங்காமை, மறைபொருளை வெளியில் வையாமை ஆகிய இந்நான்கையும் கடைப்பிடிப்போர்க்குச் சரமாறிலியால் வரும் இடர் பெரும்பாலும் இல்லை என்க.