சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கம்ப்யூட்டர் வேலை: தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்ட தாய்மார்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாமாமே, என்ன வேலை இருக்கிறது?" என்ன வேலை என்பதை விட முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு. குழந்தை அழுதால் அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? முடியும் என்றால் அந்த வேலை உங்களுக்கு ஏற்றது. முடியாது என்றால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேண்டாம்.

இதை நான் ஒரு பைலைப் பறிகொடுத்துக் கற்றுக் கொண்டேன். பேட்டிகளின் ஆடியோ பதிவைக் கேட்டுத் தமிழில் டைப் செய்து கொடுப்பது என் வேலை. முதலில் வந்தது 46 நிமிடப் பதிவு. நோட்பேடைத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். பெயர் கொடுத்து சேவ் செய்யவில்லை. முடித்த பிறகு செய்து கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மூன்று மணி நேர வேலை முடிந்திருந்தது. அடுப்பில் பால் வைத்திருந்ததால் சமையலறைக்குப் போனேன். தரையில் இருந்த சி.பி.யு. பெட்டியின் பவர் பட்டனில் நீல விளக்கு எரியும். இரண்டரை வயது மகளுக்கு அது அழகாகத் தெரிந்திருக்கிறது. விரலை வைத்து அழுத்தியவள் எடுக்கவே இல்லை. நான் திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

கோபத்தில் குழந்தையை அடித்துவிட்டேன். எதற்கு அடி என்றே அவளுக்குத் தெரியவில்லை. இரவு அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான், தவறு என் மேல் என்று புரிந்தது. குழந்தை இருக்கும் வீட்டிற்கு ஏற்றபடி கம்ப்யூட்டரை நான் அமைத்துக் கொள்ளவில்லை. அன்று முதல் செய்த மாற்றங்களைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

பாடம் 1: பவர் பட்டன்

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பிரிவைத் திறக்கவும். இடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று இருக்கும். அதில் கிளிக் செய்து, பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் "டூ நத்திங்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். சேவ் சேஞ்சஸ் அழுத்தி வெளியேறவும். இனி குழந்தை ஒரு முறை தட்டினால் கம்ப்யூட்டர் ஒன்றும் செய்யாது. ஆனால் பட்டனைச் சில விநாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் மின்சாரம் துண்டிக்கப்படத்தான் செய்யும். அதை இந்த செட்டிங் தடுக்காது. எனவே சி.பி.யு. பெட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமாக வைத்திடவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மேலேயே இருக்கட்டும். மின்தடை உள்ள ஊர் என்றால் டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். அவசியம். லேப்டாப்பில் பேட்டரியே அந்த வேலையைச் செய்துவிடும்.

பாடம் 2: முதலில் பெயர், பிறகு எழுத்து

புதிய பைல் திறந்தவுடன், ஒரு எழுத்துக் கூட அடிக்கும் முன், கண்ட்ரோல் + எஸ் அழுத்திப் பெயர் கொடுத்து சேவ் செய்திடவும். பிறகு ஒவ்வொரு பாரா முடிவிலும் மீண்டும் கண்ட்ரோல் + எஸ். ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். மைக்ரோசாப்ட் வேர்டில் பைல் மெனு, ஆப்ஷன்ஸ், சேவ் என்று சென்றால் "சேவ் ஆட்டோ ரெகவர் இன்பர்மேஷன் எவரி" என்ற வரி இருக்கும். அதில் வழக்கமாக 10 நிமிடம் என்று இருக்கும். இதை 1 என மாற்றி ஓகே அழுத்தவும். வேர்ட் வாங்கவில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் இந்த வசதி உண்டு.

நாள் முடிவில் பைலின் ஒரு பிரதியை கூகுள் டிரைவில் ஏற்றி வைத்திடவும். கூகுள் அக்கவுண்ட் ஒன்றுக்கு 15 ஜிபி இடம் இலவசம். டெக்ஸ்ட் பைல்களுக்கு இது தாராளம்.

பாடம் 3: எழுந்தால் பூட்டு

நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தவும். திரை பூட்டிக் கொள்ளும். திறந்திருக்கும் பைல்கள் அப்படியே இருக்கும். திரும்பி வந்து பாஸ்வேர்ட் அல்லது பின் எண் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நடுவில் குழந்தை கீபோர்டில் தாளம் போட்டாலும் பைலுக்குச் சேதமில்லை.

அடுத்து, குழந்தைகளுக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் ஒன்று உருவாக்கவும். செட்டிங்ஸ் சென்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேறு பயனாளர்களைச் சேர்க்கும் இடம் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் யூசர் என்றே அமைத்திடவும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தர வேண்டாம். அப்போது உங்கள் டாகுமெண்ட்ஸ் போல்டர் அவர்கள் கண்ணில் படாது. வேலை கொடுத்தவரின் பைலும் பத்திரமாக இருக்கும்.

பாடம் 4: தூக்கக் கணக்கு

இனி நேரத்திற்கு வருவோம். "ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வேலை செய்வேன்" என்று பலரும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். நானும் சொன்னேன். பிறகு ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்தேன். உண்மையில் என் கையில் இருந்தது இரண்டரை மணி நேரம்தான். வீடு எழும் முன் காலையில் ஒரு மணி நேரம். சின்னவன் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். வளர வளரப் பகல் தூக்கம் குறைந்து நின்றுவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்று கிடைக்கும் மதிய நேரம் அடுத்த வருடம் கிடைக்காது. அதை நம்பி நீண்ட கால ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து போட வேண்டாம்.

ஒரு மணி நேர ஆடியோவை டைப் செய்து, திரும்பக் கேட்டுத் திருத்த எனக்கு 5 மணி நேரம் ஆகிறது. என் கணக்கில் அது 2 நாள் வேலை. நான் சொல்லும் கெடுவோ 4 நாள். எப்போதும் இரண்டால் பெருக்கித்தான் சொல்வேன். காய்ச்சல், தடுப்பூசி, பல் முளைக்கும் நாட்கள் எல்லாம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லையே. முன்னதாக முடித்துக் கொடுத்தால் வேலை தந்தவருக்கு மகிழ்ச்சி. ஒரு நாள் தாமதமானால் அடுத்த வேலை நமக்கு வராது.

கூலியையும் இதே போலக் கணக்கிடவும். ஒரு மணி நேர ஆடியோவுக்கு 600 ரூபாய் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக் கொள்வோம். 5 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய். இன்டர்நெட், மின்சாரச் செலவைக் கழித்து, இது கட்டுபடியாகுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எந்த வேலை ஏற்றது?

இந்த யோசனை புதிதல்ல. 1962ல் இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்ற பெண்மணி 6 பவுண்ட் முதலீட்டில் "ப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலேயே புரோகிராம் எழுதும் வேலை தந்தார். அப்போது வீடுகளில் கம்ப்யூட்டர் ஏது? பேப்பரில் கையால் எழுதினார்கள். குழந்தை அழுதால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழலாம். முடித்த வேலைக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம் கூட இப்படித்தான் எழுதப்பட்டது. அவருடைய வீட்டிலும் குழந்தை இருந்தது. வாடிக்கையாளர் போன் செய்யும்போது குழந்தையின் சத்தம் கேட்காமல் இருக்க, டைப்ரைட்டர் ஓசையைப் பதிவு செய்த டேப்பை ஓடவிடுவாராம். 2025ல், தன் 91வது வயதில் அவர் காலமானார்.

அவர் காட்டிய அளவுகோல் இன்றும் பொருந்துகிறது. துண்டு துண்டாகச் செய்யக்கூடிய வேலை, முடித்ததற்குக் கூலி. டைப்பிங், மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, வீடியோவுக்கு சப்டைட்டில், கணக்குப் பதிவு ஆகியவை இந்த வகையில் வரும். வாடிக்கையாளரின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, நேரலையில் வகுப்பு எடுப்பது போன்றவை இந்த வகை அல்ல. அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக் கொள்ள வேறொருவர் வீட்டில் இருந்தால் மட்டுமே ஒப்புக் கொள்ளவும். எங்கள் அத்தை ஊரிலிருந்து வந்திருக்கும் வாரங்களில் மட்டும் நான் அப்படிப்பட்ட வேலையை ஏற்பதுண்டு.

பேச்சைக் கேட்டு கம்ப்யூட்டரே டைப் செய்யும் வசதி இப்போது வந்துவிட்டது. கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவில் உள்ள வாய்ஸ் டைப்பிங் தமிழையும் புரிந்து கொள்கிறது. இதனால் வெறும் டைப்பிங் வேலை குறைந்திருக்கிறது. ஆனால் வட்டார வழக்கு, ஊர்ப் பெயர், ஒற்றெழுத்து ஆகியவற்றைச் சரிபார்க்க ஆள் தேவை. எனவே திருத்தும் வேலையைக் கற்றுக் கொள்வது நல்லது.

தமிழ் டைப்பிங் புதிதாகக் கற்பவர்கள் தமிழ்99 கீபோர்டில் தொடங்கவும். 1999ல் தமிழக அரசு ஏற்றுக் கொண்ட முறை இது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். ககரத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடும். யூனிகோட் முறையிலேயே அடிக்கவும். அப்போதுதான் எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து சிதையாமல் தெரியும்.

ஆடியோ வேலைக்கு நான் பயன்படுத்துவது ஓட்ரான்ஸ்கிரைப் என்ற இலவச வசதி. பிரவுசரிலேயே இயங்குகிறது. எஸ்கேப் கீயை அழுத்தினால் ஒலி நிற்கும், மீண்டும் அழுத்தினால் ஓடும். அடித்தது பிரவுசரில் தானாகவே சேமிக்கப்படும். பிரவுசரின் பழைய தகவல்களை அழித்தால் இதுவும் போய்விடும் என்பதால், தினமும் எக்ஸ்போர்ட் செய்து தனி பைலாகவும் வைத்திடவும்.

ஏமாற வேண்டாம்

"டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வந்த ஒரு மெயிலை நம்பி 2,500 ரூபாய் இழந்தவள் நான். எனவே இவற்றை மனதில் வையுங்கள்.

* வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் அவருக்குக் கட்டினால் அது வேலை அல்ல.
* பிழை இருந்தால் அபராதம் என்று ஒப்பந்தம் போட வைத்து, பிறகு வக்கீல் நோட்டீஸ் என மிரட்டும் கும்பல்கள் உள்ளன. பயந்து பணம் கட்ட வேண்டாம்.
* வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று முதலில் சிறு தொகை அனுப்பி, பிறகு பெரிய தொகையைக் கட்டச் சொல்வதும் மோசடியே.
* யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. கேட்டால் உங்கள் பணம் போகப் போகிறது என்று பொருள்.
* கமிஷன் தருவதாகச் சொன்னாலும் உங்கள் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்த விடாதீர்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் தரவும். விரைவாகச் சொன்னால்தான் அந்தப் பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒன்று

கெடு நெருங்கிய ஒரு மாதம், மகள் கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்தேன். வேலை முடிந்தது. ஆனால் செல்போன் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தாள். அதை மாற்ற மூன்று மாதம் ஆயிற்று. மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் கூறுகிறது. சம்பாதித்த 600 ரூபாய்க்கு என் மகள் கொடுத்த விலை அது என்றே எனக்குத் தோன்றியது.

இப்போது மாலையில் அவளுடைய அக்கவுண்டில் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, மடியில் உட்கார வைத்து இருபது நிமிடம் படம் வரைகிறோம். நீல விளக்கு எரியும் பட்டன் எதற்கென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வரைந்து முடித்ததும் கண்ட்ரோல் கீயில் அவள் விரல், எஸ் கீயில் என் விரல். சேவ் செய்த பிறகுதான் எழுந்து கொள்கிறோம். நீங்களும் வேலை தேடும் முன், இன்றே முதல் மூன்று பாடங்களைச் செய்து முடியுங்கள். அரை மணி நேரம் போதும்.