ஓய்வும் பயிற்சியே

ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என நெகிரி செம்பிலானின் ஊர்ப் பெயர்களைச் சொன்னதும் நம் தாத்தா பாட்டியரின் நினைவுக்கு வருவது பால்மரக்காடுதான். இன்று அந்நிலங்களின் பெரும்பகுதியில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தவர்களில் பலர் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும், தோட்டத்துச் செம்மண் சாலைகளிலும் பள்ளித் திடல்களிலும் மாலை வேளைகளில் ஓடிப் பழகும் பிள்ளைகளை இன்றும் காணலாம்.

அத்தகைய தோட்டமொன்றில் வாழும் நான்காம் படிவ மாணவி ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். மாவட்டத் திடல்தடப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன. 1500 மீட்டர் ஓட்டத்தில் அவள் பள்ளியைப் பிரதிநிதிக்கவிருக்கிறாள். அதுவரை வாரத்தில் மூன்று நாள் ஓடியவள், இப்போது ஒரு நாள்கூட விடாமல் ஓடுகிறாள். புல்திடலில் ஓடியவள், தூரத்தைக் கூட்டுவதற்காகத் தார்ச்சாலைக்கு மாறிவிட்டாள். இரண்டாம் வார இறுதியில், வலக்காலின் கெண்டைக்கால் எலும்பில் ஓரிடத்தில் வலி தோன்றுகிறது. முதலில், ஓடி முடித்த பிறகு வலித்தது. பின்னர், ஓடும்போதே வலித்தது. இப்போது படுத்திருக்கும்போதும் வலிக்கிறது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம். அவள் வீட்டிலிருந்து மாவட்டப் போட்டிக்குச் செல்லும் முதல் ஆள் அவள்தான். இரவில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். ஆனால், பாட்டியின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

“என்னம்மா, காலைத் தாங்கித் தாங்கி நடக்குறே?”

“ஒன்னுமில்ல பாட்டி. லேசா சுளுக்கு.”

“ரெண்டு வாரமாவா சுளுக்கு? நான் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினவ. ஒரு நாள் வெட்டின மரத்த மறுநாள் தொடமாட்டோம். வெட்டின பட்டைக்கு ஓய்வு வேணும். உன் காலுக்கு அது வேணாமா?”

பாட்டி மருத்துவம் படித்தவர் அல்லர். எனினும், அவர் சொன்ன செய்தி மருத்துவத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

எலும்பும் உயிருள்ளதே

எலும்பு என்றால் கல்லைப் போன்ற பொருள் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. எலும்பு தன்னைத் தானே ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள உறுப்பு. ஒருவகை உயிரணுக்கள் தேய்ந்த எலும்பை அரித்து அகற்றுகின்றன. மற்றொருவகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. அகற்றும் பணி சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் பணி நிறைவு பெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். இந்தக் கால வேறுபாட்டில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவியின் காலில் 90 முதல் 135 கிலோகிராம் எடைக்கு ஈடான சுமை விழுகிறது. அரை மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 5000 அடிகள். இத்தனை அடிகளும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளை ஏற்படுத்துகின்றன. போதிய ஓய்வு கிடைத்தால் உடல் அவற்றைச் சரிசெய்து, எலும்பை முன்னைவிட உறுதியாக்கிவிடும். பயிற்சியால் கால் வலுப்பெறுவது இப்படித்தான். ஓய்வு கிடைக்காவிட்டால், புதிய எலும்பு உருவாகும் முன்னரே புதிய வெடிப்புகள் சேர்ந்துவிடும். இறுதியில், மயிரிழை போன்ற முறிவு ஏற்படும். இதனையே அழுத்த முறிவு என்கிறோம்.

கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொள்பவருக்கு எந்த நொடியில் முறிந்தது என்று தெரியும். அழுத்த முறிவில் அப்படி ஒரு நொடி இல்லை. அதனால்தான் பலர் அதைச் சுளுக்கென்றும் தசைவலியென்றும் எண்ணி ஏமாந்துவிடுகின்றனர்.

படைவீரர்கள் கற்பித்த பாடம்

இந்நோயை முதலில் எழுத்தில் பதிவு செய்தவர் ஓட்டப் பயிற்றுநர் அல்லர்; படை மருத்துவர். 1855ஆம் ஆண்டில், பிரஷ்ய நாட்டுப் படையின் மருத்துவர் பிரைத்தாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதினார். காரணம் அப்போது விளங்கவில்லை. 1895ஆம் ஆண்டில் ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், அதாவது 1897இல், அவ்வீரர்களின் பாத எலும்புகள் முறிந்திருப்பதை எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுத்தது. அடிபடாமலேயே, நடந்து நடந்தே எலும்பு முறியும் என்பது அப்போதுதான் உறுதியானது.

இன்று இந்த முறிவு ஓட்டக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. கெண்டைக்கால் எலும்பும் பாதத்தின் நீள எலும்புகளும் பெரும்பாலும் பாதிக்கப்படும் இடங்கள். சிலருக்குத் தொடை எலும்பிலும் ஏற்படுவதுண்டு.

எப்படிக் கண்டறிவது?

பயிற்சிக்குப் பிறகு கால் முழுவதும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது பெரும்பாலும் தசைவலியே. அழுத்த முறிவின் வலி வேறுபட்டது. ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில் அது குவிந்திருக்கும். அவ்விடத்தை அழுத்தினால் வலி கூடும். ஓடினால் மிகும், ஓய்வெடுத்தால் தணியும். கவனிக்காமல் விட்டால் நடக்கும்போதும் இரவிலும் தொடரும்.

இத்தகைய அறிகுறிகள் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு தெரியாமல் போகலாம். ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்ற மகிழ்ச்சியில் மறுநாளே ஓடத் தொடங்குவது தவறு. வலி நீடித்தால் மீண்டும் மருத்துவரிடம் சென்று சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் தொடக்க நிலையிலேயே முறிவைக் காட்டவல்லது.

உலகச் சாதனையாளரும் ஓய்வெடுத்தார்

வலுவற்றவர்களுக்கு மட்டுமே இந்த முறிவு ஏற்படும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தைச் சேர்ந்த பவுலா ராட்கிளிஃப் 2003ஆம் ஆண்டு லண்டன் மராத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அச்சாதனை 2019ஆம் ஆண்டுவரை முறியடிக்கப்படவில்லை. அத்தகைய வீராங்கனைக்கு, 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிக்கு மூன்று மாதங்களே இருந்தபோது, இடத்தொடை எலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டது தெரியவந்தது.

அவர் ஓட்டத்தை நிறுத்திச் சிகிச்சை பெற்றார். ஆகஸ்டு 17ஆம் நாள் ஒலிம்பிக் மராத்தானில் கலந்துகொண்டார். ஆனால், முழுத் தகுதியைப் பெறக் காலம் போதவில்லை. ஓட்டத்தின் நடுவே நின்று கால் தசையைத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. 23ஆம் இடத்தில்தான் ஓடி முடித்தார். சரியாகப் பதினொரு வாரங்கள் கழித்து, நவம்பர் 2ஆம் நாள் நியூயார்க் மராத்தானில் ஓடினார். அங்கு முதலிடம் அவருக்கே கிடைத்தது.

இந்த இரு போட்டிகளுக்கும் இடையே மாறியது என்ன? அவருடைய திறமை மாறவில்லை. எலும்பும் உடலும் தேறுவதற்கு வேண்டிய காலம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மீண்டு வரும் வழி

கெண்டைக்கால் எலும்பிலோ பாதத்தின் நீள எலும்பிலோ ஏற்படும் முறிவு பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறத் தொடங்கிவிடும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி போன்ற சில இடங்களில் ஏற்படும் முறிவுக்கு நீண்ட காலமும், சில வேளைகளில் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். எனவே, முறிவு எங்கே உள்ளது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மீட்சி பொதுவாக மூன்று படிகளைக் கொண்டது.

முதற்படி, ஓட்டத்தை முற்றாக நிறுத்துதல். நடக்கும்போது வலித்தால், மருத்துவர் ஊன்றுகோலையோ காலைத் தாங்கும் காலணியையோ பரிந்துரைப்பார். வலி தெரியாமல் இருப்பதற்காக மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது மிகப் பெரிய தவறு. வலி என்பது உடல் அனுப்பும் எச்சரிக்கை.

இரண்டாம் படி, காலுக்குச் சுமை தராத பயிற்சி. மருத்துவர் அனுமதித்தால் நீச்சல், மிதிவண்டி ஓட்டுதல், நீருக்குள் நின்று ஓடுவதுபோல் கால்களை அசைத்தல் ஆகியவற்றைச் செய்யலாம். இதயமும் நுரையீரலும் தம் வலிமையை இழக்காமல் இருக்க இவை உதவும்.

மூன்றாம் படி, படிப்படியாக ஓட்டத்துக்குத் திரும்புதல். வலியின்றி அரை மணி நேரம் விரைவாக நடக்க முடிந்த பின்னரே ஓட நினைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, நான்கு நிமிடம் நடக்கலாம். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. பழைய வலி அதே இடத்தில் தலைகாட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எலும்பைக் கட்ட உணவும் வேண்டும். பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை முதலியவற்றில் இச்சத்து உண்டு. உடல் எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எண்ணிச் சிலர் உணவைக் குறைத்துக்கொள்கின்றனர். ஓடுவதற்கேற்ப உண்ணாவிட்டால் உடல் எலும்பைப் புதுப்பிக்கும் பணியைச் சுருக்கிக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். அதனைக் கூச்சப்படாமல் அம்மாவிடமோ, ஆசிரியையிடமோ, மருத்துவரிடமோ கூற வேண்டும்.

பால்மரம் சொல்லும் பாடம்

பாட்டியின் பேச்சுக்கு மீண்டும் வருவோம். 1890களில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு வராமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஓய்வின்றி வெட்டினால் வெட்டுமுகம் வறண்டு, பால் வடிவது நின்றுவிடும். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை தோட்டங்களில் பரவலாகக் கையாளப்பட்டது. மரத்துக்கு ஓய்வு தந்த நாளை யாரும் வீணான நாளாகக் கருதவில்லை. அடுத்த நாளின் பாலுக்கு அந்த ஓய்வும் காரணம் என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள்.

நாம் கற்பனை செய்த அந்த மாணவி மறுநாள் தன் பயிற்றுநரிடம் உண்மையைச் சொன்னாள். மருத்துவர் அழுத்த முறிவு என்று உறுதிப்படுத்தினார். அவ்வாண்டு மாவட்டப் போட்டியில் அவளுக்குப் பதிலாக வேறொரு மாணவி ஓடினாள். அவளோ திடலோரத்தில் நேரங்காட்டியைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றுக்கும் தோழியின் நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சிறிது அழுதாள். பாட்டி தடுக்கவில்லை.

“அடுத்த வருஷமும் திடல் அங்கதான் இருக்கும்மா. கால்தான் பத்திரமா இருக்கணும்,” என்றார்.

பன்னிரண்டாம் வாரம், பள்ளித் திடலின் புல்தரையில் அவள் ஒரு நிமிடம் ஓடினாள். பிறகு நான்கு நிமிடம் நடந்தாள். வலி இல்லை. மறுநாள் அவள் ஓடவில்லை.

மாணவர்களே, உங்களுள் பலர் ஓட்டக்காரர்களாக இருக்கலாம். பயிற்சி அட்டவணையில் ஓடும் நாள்களைக் குறிப்பதைப் போன்றே ஓய்வு நாள்களையும் குறித்து வையுங்கள். ஓரிடத்தில் குவிந்த வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மறைக்காதீர்கள். தொடக்கத்திலேயே சொன்னால் சில வாரங்களில் ஆறக்கூடிய முறிவு, மறைத்தால் பல மாதங்களை விழுங்கிவிடும்.

அருஞ்சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடு
வெட்டுமுகம் – பால் எடுப்பதற்காகச் சீவப்பட்ட பட்டைப் பகுதி
மீட்சி – பழைய நிலைக்குத் திரும்புதல்

கருத்துணர்தல்

1. மாணவி தன் வலியை மறைத்ததற்கான காரணங்கள் யாவை?
2. தசைவலிக்கும் அழுத்த முறிவின் வலிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினைக் கூறுக.
3. பெய்ஜிங், நியூயார்க் மராத்தான்களில் பவுலா ராட்கிளிஃப் அடைந்த முடிவுகள் வேறுபட்டது ஏன்?
4. பால்மரம் வெட்டும் முறையை ஓட்டப் பயிற்சியோடு ஒப்பிடுவது எவ்வகையில் பொருந்துகிறது? உமது கருத்தை விளக்குக.
5. உம் தோழர் ஒருவர் வலியை மறைத்துப் போட்டியில் ஓட எண்ணுகிறார். அவருடன் நீர் நிகழ்த்தும் உரையாடலை எழுதுக.