இயங்குதளத்தை மேம்படுத்தும் முன்: நிறுவல் ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மொத்த மளிகை வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். அவருடைய கடைக் கணினியில் விண்டோஸ் 10 இயங்கி வருகிறது. கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர், "என்னிடம் உள்ள பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன், 300 ரூபாய் கொடுத்தால் போதும்" என்று கூறினாராம். "ஏற்றிக்கொள்ளலாமா, சார்?" என்று எங்களிடம் கேட்டார். அந்தக் கணினியில்தான் அவர் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறார். ஜிஎஸ்டி படிவங்களையும் அதிலேயே தாக்கல் செய்கிறார். ஆகவே அவருக்கு அளித்த விடையை வாசகர் அனைவருக்கும் விரித்துரைக்கிறோம்.

மேம்படுத்துவது ஏன்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. கணினி முன்போலவே இயங்கும். ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் வழக்கமான புதுப்பிப்புகளால் இனிச் சரிசெய்யப்படமாட்டா. பணப் பரிமாற்றம் நடைபெறும் கணினிக்கு இது தகுந்த நிலை அன்று.

முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள, தகுதியான கணினிகளுக்கு விண்டோஸ் 11 கட்டணமின்றிக் கிடைக்கிறது. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, ஏற்கப்பட்ட செயலி ஆகியவை தேவை. மைக்ரோசாஃப்ட் வழங்கும் 'பிசி ஹெல்த் செக்' செயலி நம் கணினியின் தகுதியைச் சோதித்துச் சொல்லிவிடும்.

எந்த ஊடகம் யாருக்கு?

ஒரே ஒரு கணினியும் நல்ல இணைய இணைப்பும் உள்ளவருக்குத் தனி ஊடகம் தேவையில்லை. செட்டிங்ஸ் பகுதியிலுள்ள 'விண்டோஸ் அப்டேட்' வழியே மேம்படுத்துவதே எளியது. அங்கு வாய்ப்பு தோன்றாவிடில், மைக்ரோசாஃப்ட் தளத்திலுள்ள 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்' அதே பணியைச் செய்யும்.

அலுவலகத்தில் நான்கைந்து கணினிகள் உள்ளவருக்குப் பென் டிரைவ் ஏற்றது. பதிவிறக்கம் 5 ஜிபியைத் தாண்டும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி வரம்புள்ள அலைபேசித் திட்டத்தில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே பதிவிறக்குவது இயலாது. 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு ஒருமுறை ஊடகத்தை உருவாக்கிவிட்டால் எல்லாக் கணினிகளுக்கும் அது பயன்படும். இதற்குக் குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் வேண்டும். அதில் முன்பிருந்தவை முற்றிலும் அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

ஐஎஸ்ஓ என்பது முழு நிறுவல் ஊடகத்தையும் ஒரே கோப்பாகத் தொகுத்த வடிவம். கணினியில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, பென் டிரைவ் இன்றியே பயன்படுத்தலாம். குறுவட்டுக் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி மட்டுமே என்பதால் இக்கோப்பு அதில் அடங்காது.

ஒரே பென் டிரைவ், இரு விளைவுகள்

பலர் இழப்பைச் சந்திப்பது இவ்விடத்தில்தான். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைச் செருகி, அதிலுள்ள 'செட்டப்' கோப்பை இயக்கினால், கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்புக் கிடைக்கும். ஊடகத்தின் மொழி தற்போதைய விண்டோஸின் மொழியோடு ஒத்திருத்தல் அவசியம். இல்லையேல் மென்பொருள்களைத் தக்கவைக்கும் வாய்ப்புத் தோன்றாது.

மாறாக, கணினியை அணைத்துவிட்டுப் பென் டிரைவிலிருந்தே தொடங்கினால் அது புதிய நிறுவல். அவ்வழியில் கணக்கு மென்பொருளும் அச்சுப்பொறி அமைப்புகளும் தங்கமாட்டா. வட்டினை அழித்து நிறுவினால் கோப்புகளும் போய்விடும். எனவே பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கும் முன், எந்த முறையில் செய்யப்போகிறார் என்பதைக் கேட்டறிதல் நம் கடமை.

ஊடகம் எங்கிருந்து வந்தது?

ஊடகம் எவ்வகை என்பதைவிட இக்கேள்வியே முதன்மையானது. இயங்குதளம் வீட்டின் அடித்தளம் போன்றது. அதனுள்ளேயே தீய நிரல் புதைக்கப்பட்டிருந்தால், பின்னர் நிறுவும் நச்சுநிரல் தடுப்பான் அதைக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க இயலாது. நாம் தட்டச்சு செய்யும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நாம் அறியாமலே பிறர் கைக்குச் செல்லக்கூடும். உரிமமின்றி விண்டோஸைச் செயல்படுத்தித் தரும் 'கிராக்' நிரல்களும் இத்தகைய ஆபத்து உடையவையே.

ஆகவே நிறுவல் கோப்பை மைக்ரோசாஃப்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பெறுக. ஐஎஸ்ஓ கோப்புகளுக்குரிய சரிபார்ப்பு எண்கோவையை அந்நிறுவனமே அத்தளத்தில் வெளியிடுகிறது. 'பவர்ஷெல்' செயலியில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்னும் கட்டளையால் நம் கோப்பின் எண்கோவையைப் பெற்று ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் அக்கோப்பைப் பயன்படுத்தலாகாது.

தொடங்கும் முன் செய்யவேண்டியவை

1. முக்கியக் கோப்புகளை வெளிப்புற வட்டில் நகலெடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுக.

2. பிட்லாக்கர் இயக்கத்தில் இருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் குறித்துக்கொள்க.

3. மின்னணுக் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருளை மீண்டும் நிறுவ நேரலாம். ஜிஎஸ்டி தாக்கலின் கடைசி நாளுக்கு முன்தினம் இப்பணியைத் தொடங்க வேண்டா.

4. மடிக்கணினியை மின்னேற்றியோடு இணைத்தும், மேசைக்கணினியை யுபிஎஸ் துணையோடும் இயக்குக.

கோப்புகளைத் தக்கவைத்து மேம்படுத்திய பின் குறை ஏதும் தோன்றினால், பொதுவாக 10 நாட்களுக்குள் 'ரிகவரி' பகுதி வழியே விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம்.

"உங்கள் கணினியைத் தொலைவிலிருந்தே மேம்படுத்தித் தருகிறோம்" என்று வரும் அழைப்புகளை நம்பிக் கணினியின் கட்டுப்பாட்டை எவருக்கும் அளிக்காதீர்கள். ஐயத்திற்குரிய பரிவர்த்தனை எதுவும் நிகழ்ந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணிற்கும் தெரிவியுங்கள்.

தொடக்கத்தில் கூறிய வாடிக்கையாளரிடம் இருப்பது ஒரே கணினி. கடையில் அகலக்கற்றை இணைப்பும் உண்டு. கணக்கேடுகளை நகலெடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை 'விண்டோஸ் அப்டேட்' வழியே அவரே மேம்படுத்திக்கொண்டார். மறுவாரம் கிளைக்கு வந்தபோது, "கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது, சார்" என்று மகிழ்வுடன் கூறினார். அவருக்கு 300 ரூபாய் மிச்சமானது சிறு பயனே. தம் பணம் புழங்கும் கணினியில் ஏறியிருப்பது எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஐயமின்றி அறிவார், அதுவே பெரும்பயன்.