ஒளி ஆடும் திசை

ஜன்னலின் நெட்டுக் கம்பிகளுக்கு நடுவே கயிறு விட்டு மேலும் கீழுமா ஆட்டுங்க. அலை தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பி தடுத்துவிடும். ஒளியும் இப்படி ஒரே திசையில் அதிர்ந்தால் அது தளவிளைவுற்ற ஒளி. சாதாரண குறைக்கடத்தி லேசர் தருவது பெரும்பாலும் இதுதான்.

ஆனால், சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து சுற்றிலும் அதிரும் ஒளியை இன்னும் சின்னப் புள்ளியாகக் குவிக்கலாம். ஜெர்மனியில் 2003-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அந்த ஒளிக்கு வெளியே தனித் தகடுகள் வேணும், கருவி பெரிசாகிடும்.

வழி என்ன? ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுசுமு நோடா குழுவினர் லேசர் சில்லுக்குள்ளேயே நுண்துளைகளை வரிசையாக அமைத்தார்கள். வரிசையை மாற்றினால் கற்றையின் உருவமும் அதிரும் திசையும் மாறும்! உளுந்துவடை போல நடுவில் ஓட்டையுள்ள கற்றைகூட கிடைத்தது (2006).

எச்சரிக்கை: லேசர் ஒளியைக் கண்ணில் அடிக்காதீர்கள்!