பொருள் வளமும் நீர் வளமும்: பாலாறு கற்பிக்கும் பாடம்

வளரும் நாடுகளுக்குத் தேவை தொழில் வளர்ச்சியா, இயற்கைப் பாதுகாப்பா என்னும் வினா பள்ளிப் பட்டிமன்றங்களில் அடிக்கடி எழுவதுண்டு. இரு அணியினரும் முழங்குவர். இறுதியில் நடுவர் 'இரண்டும் தேவை' என்று கூறி அவையைக் கலைப்பார். இத்தீர்ப்பினால் எவருக்கும் தெளிவு பிறப்பதில்லை. இரண்டும் தேவையெனில் அதற்கான செலவை ஏற்பவர் யார்? ஆராய வேண்டியது இதுவே. தொலைதூர நாடுகளுக்குச் செல்லாமல், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியின் பாலாற்றைக் கொண்டே இதனைக் காண்போம்.

பாலாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகக் கடலை அடைகிறது. செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் அதனோடு கலக்கின்றன. ஆகவே செய்யாற்றுப் பாசன ஊர்களில் வாழும் நம் குடும்பத்தாருக்குப் பாலாறு அயலாறு அன்று.

ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாறு வெறும் மணற்பரப்பாகவே தோன்றும். நீர் மணலுக்கடியில் ஓடுகிறது. முன்னோர் ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயல்களுக்குக் கொணர்ந்தனர். நீரைக் காத்து வைக்கும் மணல், அதிற் கலந்த நஞ்சையும் காத்து வைக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. எப்போதும் வெள்ளம் பெருகும் ஆற்றில் கழிவு கடலுக்கு அடித்துச் செல்லப்படும். பாலாற்றில் அது நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்தது.

இங்குத் தோல் பதனிடும் தொழில் பழமையானது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் வாரக்கணக்கில் பதனிட்டனர். குரோமிய முறை வந்தபின் வேலை மிக விரைவாயிற்று. 1970களில் மத்திய அரசு, பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் பெருகின. கழிவும் உடன் பெருகியது.

அக்கழிவின் தன்மையைச் சற்று விரிவாக அறிதல் நன்று. தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிடுவர். ஆலைக்கு வந்ததும் ஊறவைத்து அவ்வுப்பைக் கழுவுவர். பின்னர்ச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிர் நீக்குவர். அதன்பின் குரோமிய உப்பில் பதனிடுவர். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்று வழக்காவணங்களில் கூறப்பட்டுள்ளது. கழிவுநீரிலுள்ள குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். அழுகும் பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். கரைந்த உப்போ அகலாது. இதனைக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே விளக்கலாம். மண்ணும் உப்பும் கலந்த நீரைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். மண் துணியில் தங்கும். உப்பு நீருடன் சென்றுவிடும். வடிந்த நீர் தெளிந்திருக்கும். செடிக்கு ஊற்றினால் செடி வாடும். ஆலைக் கழிவுநீரின் உப்பை நீக்க, உயர் அழுத்தத்தில் நுண்சவ்வின் வழியே நீரைச் செலுத்தி, எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்ய வேண்டும். செலவு மிகுதி, இறுதியில் உப்புக் குவியலும் மிஞ்சும். ஆலை முதலாளிகள் பல்லாண்டுகள் தயங்கியதற்குக் காரணம் இச்செலவே.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது எனக் கண்டது. திண்டுக்கல் பகுதியில் 13 சிற்றூர்களின் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. 28.8.1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதன்பொருட்டு நிலத்தையும் நீரையும் மக்கள் நலத்தையும் அழிக்க உரிமையில்லை என்றது. மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவையும் இழப்பீட்டையும் தர வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது.

இங்கு ஒன்று கூறவேண்டும். 'தோல் தொழிலே நம் அறத்துக்கு மாறானது. மூடினால் நல்லதுதானே' என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுவர். நம் நோன்பு நம் வாழ்வுக்குரியது. அதைக்கொண்டு பிறர் பிழைப்பைத் தீர்மானிக்க இயலாது. ஆலைகளில் உழைப்போர் பெரும்பாலும் நிலமற்ற ஏழையர். காலணித் தொழிற்சாலைகளிலோ பெண்களே மிகுதி. மேலும், கிணற்றைக் கெடுப்பது தோல் மட்டுமன்று. திருப்பூரில் நொய்யலைக் கெடுத்தது துணிச் சாயம். துணியை நாம் அனைவரும் உடுத்துகிறோம்.

இனி ஒரு சிறு கணக்கு. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு வகுத்தது. வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குச் சராசரி 9,187 ரூபாய். தரவேண்டிய ஆலைகள் 547. ஓர் ஆலைக்குச் சராசரி 4,90,000 ரூபாய். தென்னையும் நெல்லும் தந்த நிலத்தை ஒன்பதாயிரத்தால் மீட்க இயலுமா? அத்தொகையும் எல்லோருக்கும் சென்று சேரவில்லை. எஞ்சியோருக்கு அரசே ஆறு வாரங்களில் பணத்தைத் தந்து, பின்னர் ஆலைகளிடம் வசூலிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 30.1.2025 அன்று ஆணையிட நேர்ந்தது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகள்! தோலின் விலையில் கிணற்றின் விலை ஒருநாளும் சேர்க்கப்படவில்லை. அக்கடனை உழவர் சுமந்தனர். இதற்குப் பெயர் வளர்ச்சியன்று, கணக்கில் எழுதாத கடன்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியன்று. 31.1.2015 அன்று இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். வங்கதேசத்தில் டாக்கா நகரின் ஹசாரிபாக் பகுதியிலிருந்து ஆலைகளை 2017இல் சாவருக்குப் பெயர்த்தனர். அங்கே சுத்திகரிப்பு போதாமையால் புரிகங்கையின் துன்பம் தலேஸ்வரி ஆற்றுக்குச் சென்றது.

இப்பாடம் நம் வாயிலுக்கும் வந்துள்ளது. செய்யாறு அருகே மேல்மா முதலிய ஊர்களில் சிப்காட் விரிவாக்கத்திற்காக 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் உழவர் போராடினர். எழுவர்மீது குண்டர் சட்டம் ஏவப்பட்டுப் பின்னர் விலக்கப்பட்டது. செய்யாற்றில் ஏற்கெனவே உள்ள காலணித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஊதியம் தருவதும் உண்மை. நிலம் விற்போர், வேலை தேடுவோர், கிணறு வைத்திருப்போர் ஆகிய மூவரும் ஒரே குடும்பத்தில் இருக்கலாம்.

ஆகவே ஆலை வரும் முன்னரே கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். நாள்தோறும் எத்துணை நீர் எடுப்பர்? எங்கிருந்து? கழிவின் உப்பை எங்கே குவிப்பர்? ஆலை மூடப்பட்டால் அக்குவியலுக்குப் பொறுப்பு யார்? சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவைப்படும் தொழில்களுக்கு, 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி 30 நாள்களுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். நம் வீடுகளில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் உளர். அவர்களுள் ஒருவரேனும் அதனைப் படித்து, ஐயங்களை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.